பாலுன் வாங்கும் முன் படியுங்கள்: எந்த ஆன்டெனாவுக்கு எது, எப்படிச் சோதிப்பது

ஆன்டெனாவுக்குக் கம்பி வெட்டுவது பெரிய வேலை இல்லை. அந்தக் கம்பியும், ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளும் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உலோக உறை) சேரும் இடத்தில் எந்தப் பாலுன் பெட்டியை வைப்பது என்ற கேள்வி வரும்போதுதான் புதியவர்கள் திணறுகிறார்கள். நானும் அங்கேதான் வெகுநாள் சிக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் 1:1 விகிதப் பாலுன் போடு என்பார், அடுத்தவர் 4:1 போடு என்பார், இன்னொருவர் எதுவும் வேண்டாம், நேராகவே பற்றவை என்பார். மூன்று பேரும் தங்கள் ஆன்டெனாவுக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது உங்கள் ஆன்டெனா இல்லையே. அதனால் யாரிடம் கேட்டாலும் குழப்பம்தான் கூடுகிறது. எந்த வரிசையில் யோசித்தால் இந்தக் குழப்பம் தீரும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கேட்பதற்கு மட்டும் ஆன்டெனா கட்டுகிறீர்களா, அனுப்பவும் போகிறீர்களா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு உரிமம் வேண்டும், அப்புறம் பாலுனின் அளவும் செலவும் அதைப் பொறுத்தே மாறும்.

1. என்ன வேலை ஆக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பாலுன் என்று விற்கப்படும் பெட்டிகள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுப்பது. இன்னொன்று, இம்பிடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எதிரான, ஓமில் அளக்கும் மொத்தத் தடையை, மாற்றுவது. சில பெட்டிகள் இரண்டையும் செய்யும், பல பெட்டிகள் ஒன்றை மட்டும் செய்யும். இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

முதல் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோஆக்ஸ் கேபிளில் நடுக்கம்பி, உறை என இரண்டு கடத்திகள் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் ரேடியோ அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்தோலில் மட்டுமே ஓடுவதால், உறையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனிக் கடத்திகளாக நடந்துகொள்கின்றன. ஆக மொத்தம் மூன்று. கேபிளுக்குள்ளே நடுக்கம்பியிலும் உறையின் உள்பக்கத்திலும் சமமான, எதிரெதிரான மின்னோட்டம் ஓடும், அதில் பிரச்சினை இல்லை. இரண்டு கைகளாக நீளும் டைபோல் ஆன்டெனாவின் நடுவுக்கு வந்து சேரும்போதுதான் உறைப்பக்க மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன: டைபோலின் ஒரு கைக்குப் போகலாம், அல்லது உறையின் வெளிப்பக்கம் வழியே திரும்பிக் கீழே உங்கள் அறைக்கே இறங்கி வரலாம். எவ்வளவு இறங்கும் என்பது கேபிளின் நீளத்தையும் அது எங்கே தரையோடு சேர்கிறது என்பதையும் பொறுத்தது. இறங்கினால் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. அனுப்பும்போது மைக்கின் உலோகம் உதட்டில் சுருக்கென்று குத்துகிறதா, கணினியின் விசைப்பலகை அல்லது யுஎஸ்பி இணைப்பு நின்றுபோகிறதா, கேபிளைக் கையால் பிடித்தாலோ ஒரு சிறு கேபிளைச் சேர்த்து நீட்டினாலோ எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) மாறுகிறதா, பாருங்கள். கேட்கும்போதும் இதே கதைதான்: வீட்டில் உள்ள சார்ஜர், எல்இடி விளக்கு, திசைவி எல்லாம் கக்கும் இரைச்சலைக் கேபிளின் வெளிப்புறம் சேகரித்து மேலே கொண்டுபோய், ஃபீட்பாயின்ட் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) வழியாக உள்ளே கொடுத்துவிடும். இரைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக மட்டுமே பாலுன் போடுபவர்கள் உண்டு, அது முற்றிலும் நியாயமான காரணம்.

2. உங்கள் ஆன்டெனாவின் ஃபீட்பாயின்ட் எத்தனை ஓம் என்று பாருங்கள்

விகிதம் இங்கிருந்துதான் வர வேண்டும், கடையில் எது இருக்கிறது என்பதிலிருந்து அல்ல. ரேடியோ பக்கம் வேண்டியது 50 ஓம். 4:1 என்றால் 200 ஓமை 50 ஆக்கும், 9:1 என்றால் 450 ஓமை 50 ஆக்கும், 49:1 என்றால் 2450 ஓமை 50 ஆக்கும். அவ்வளவுதான் கணக்கு.

நடுவில் ஊட்டும் அரை அலை டைபோல்: வெட்டவெளியில் 73 ஓம், தலைகீழ் வி வடிவில் தொங்கவிட்டால் 50க்குப் பக்கம் வரும். இதற்கு இம்பிடன்ஸ் மாற்றம் தேவையே இல்லை, 1:1 சோக், அதாவது வேண்டாத மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் பெட்டி, போதும். இந்த டைபோலில் 4:1 மாட்டினால் ரேடியோ பக்கம் 18 ஓம்தான் தெரியும், எஸ்டபிள்யூஆர் 2.7 ஆகிவிடும். 'பெரிய விகிதம் என்றால் பெரிய பலன்' என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மடித்த டைபோல்: ஏறக்குறைய 300 ஓம். 4:1 போட்டால் 75 ஓம் கேபிளுக்குப் பொருந்தும்.

நடுவிலிருந்து விலகி, மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஊட்டும் டைபோல்: 200 முதல் 300 ஓம் வரை. 4:1 வேண்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கைகளும் சமமில்லாததால் இந்த ஆன்டெனா கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டத்தைத் தள்ளத்தான் செய்யும். 4:1 பெட்டி மட்டும் அதைத் தடுக்கப் போதாது. அதன் ரேடியோ பக்கத்தில் தனியாக ஒரு 1:1 சோக் வையுங்கள்.

முழு அலை வளையம்: 100 முதல் 120 ஓம். 2:1 பாலுன் வைக்கலாம். ஒரே பேண்டுக்கு (அலைவரிசைப் பட்டைக்கு) என்றால் கால் அலை நீளத்தில் 75 ஓம் கேபிளை இடையில் சேர்த்தும் 50 ஓமுக்குக் கொண்டுவரலாம், கூடவே ஒரு சோக்.

ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி: 2500 முதல் 5000 ஓம் வரை. 49:1 அல்லது 64:1 டிரான்ஸ்ஃபார்மர். இது பாலுன் (ஒரு பக்கம் சமச்சீர், மறுபக்கம் சமச்சீரற்றது) என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இரண்டு பக்கமும் சமச்சீரற்றது, அதாவது அன்அன் வகை. திரும்பும் மின்னோட்டத்துக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் கேபிளின் உறையை அது எடுத்துக்கொள்ளும். அலைநீளத்தில் 0.05 மடங்கு நீளமுள்ள ஒரு எதிர்க்கம்பி சேர்த்து, கேபிளில் சற்றுத் தள்ளி ஒரு சோக்கும் போட்டால் நடத்தை சீராகும்.

நீளம் கணக்கில்லாத கம்பி: 9:1 அன்அன், கூடவே ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் சரிசெய் கருவி). கம்பி நீளம் நீங்கள் பயன்படுத்தும் எந்தப் பேண்டிலும் அரை அலைக்கோ அதன் மடங்குகளுக்கோ அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இம்பிடன்ஸ் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும், 9:1 ஆல் சமாளிக்க முடியாது.

தரையில் நிற்கும் கால் அலைக் கம்பம்: நல்ல தரைக்கம்பிகள் இருந்தால் 36 ஓம் அளவு. விகிதம் தேவையில்லை, சோக் வைப்பது நல்லது.

ஏணிக் கம்பி (ஏணிபோல் இணையாக ஓடும் இரட்டைக் கம்பி) வழியே ட்யூனருக்கு வரும் பல பேண்டு டைபோலுக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 4:1 சொல்வார்கள். ஏணிக் கம்பியின் கீழ்முனையில் பேண்டுக்குப் பேண்டு சில பத்து ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை எது வேண்டுமானாலும் தெரியலாம். ஏற்கெனவே குறைவாக இருக்கும் பேண்டில் 4:1 அதை இன்னும் குறைத்து ட்யூனரைச் சூடாக்கும். என் தேர்வு இங்கே நல்ல 1:1 கரண்ட் பாலுன்தான், அதையும் தரமானதாக.

3. கரண்ட் பாலுனா, வோல்டேஜ் பாலுனா

வோல்டேஜ் பாலுன் இரண்டு முனைகளிலும் தரையைப் பொறுத்துச் சமமான, எதிரெதிர் மின்னழுத்தத்தைக் கொடுக்கும். கரண்ட் பாலுன் இரண்டு கைகளிலும் சமமான மின்னோட்டத்தை ஓடவைக்கும். ஆன்டெனா பூரணச் சமச்சீராக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். உண்மையில் ஒரு கை மரத்தருகே இருக்கும், இன்னொரு கை சுவர்மேல் தொங்கும், சமச்சீர் எங்கே இருக்கிறது? அதனால் கரண்ட் பாலுன் எடுங்கள். குவானெல்லா வகை என்று எழுதியிருந்தால் கரண்ட் பாலுன். ருத்ராஃப் வகை 4:1 பாலுன் என்றால் வோல்டேஜ் பாலுன்.

4:1 குவானெல்லாவில் இரண்டு சோக்குகள் இருக்கும், ரேடியோ பக்கம் பக்க இணைப்பு, ஆன்டெனா பக்கம் தொடர் இணைப்பு. இரண்டும் தனித்தனி ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையத்தில் சுற்றப்பட்டிருக்கின்றனவா என்று படத்தில் பாருங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் சுற்றினால், தரையோடு தொடர்பில்லாத ஆன்டெனாவுக்கு மட்டுமே அது ஒழுங்காக வேலை செய்யும்.

4. வளையத்தின் கலவை

ஃபெரைட் வளையங்கள் எல்லாம் ஒரே மாதிரி கருஞ்சாம்பல் நிறம். கண்ணால் பார்த்து இது எந்தக் கலவை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கலவை எண் தெரியாத வளையத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அனுப்பும் ஆன்டெனாவுக்கு வாங்காதீர்கள். பழைய மின்வழங்கியிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள் வகை, இங்கே உதவாது. சிவப்பு வளையமும் இரும்புத்தூள்தான், அதன் ஊடுருவுதிறன் (காந்தப்புலத்தை எவ்வளவு செறிவாக்கும் என்ற அளவு) வெறும் 10. டியூன்டு சுற்றுகளுக்கு அது அருமையானது, சோக் சுற்ற ஆகாது.

நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் எண்கள் மூன்று. 31 கலவை, ஊடுருவுதிறன் 1500: சிற்றலையின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது 160 முதல் 20 மீட்டர் அலைநீளப் பேண்டுகள் வரை சோக் செய்ய மிக நன்று. 43 கலவை, ஊடுருவுதிறன் 800: சற்று மேலே உள்ள பேண்டுகளில் சோக், 49:1 டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. 61 கலவை, ஊடுருவுதிறன் 125: இழப்பு குறைவு, உயர்ந்த பேண்டுகளில் இம்பிடன்ஸ் மாற்ற நன்று. எஃப்டி240 என்றால் வெளிவிட்டம் 2.4 அங்குலம், அதாவது 61 மில்லிமீட்டர். எஃப்டி140 என்றால் 1.4 அங்குலம். 100 வாட்டுக்கு 240 அளவு எடுங்கள், 10 வாட்டுக்குள் அனுப்புபவருக்கு 140 போதும்.

சோக்குக்கு இழப்புள்ள கலவை ஏன் நல்லது என்று கேட்கலாம். வெறும் தூண்டல் மட்டும் உள்ள சோக், கேபிள் வெளிப்புறத்தின் மின்தேக்கத் தன்மையோடு சேர்ந்து ஒத்ததிர்ந்து, தடுப்பதற்குப் பதில் சில அதிர்வெண்களில் மின்னோட்டத்தைக் கூட்டிவிடக்கூடும். மின்தடைத் தன்மை அதிகமுள்ள சோக்குக்கு இந்த ஆபத்து இல்லை.

5. விற்பவரிடம் கேட்க வேண்டிய தாள்

வாங்குவதாக இருந்தால் விவரத்தாள் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். '1.8 முதல் 54 மெகாஹெர்ட்ஸ், 1 கிலோவாட்' என்று பெட்டிமேல் ஒட்டியிருப்பது விவரத்தாள் ஆகாது. மூன்று விஷயங்கள் வேண்டும்.

சோக்கின் தடுப்பு இம்பிடன்ஸ், அதிர்வெண் வாரியாக வரைபடமாக. நீங்கள் பயன்படுத்தும் பேண்டில் 1000 ஓமுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள், 5000 ஓம் கிடைத்தால் நிம்மதி.

உள்ளே ஏற்படும் இழப்பு, டெசிபலில். 0.5 டெசிபல் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் 100 வாட்டில் கிட்டத்தட்ட 11 வாட் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வெப்பமாகிறது. 1 டெசிபல் என்றால் 20 வாட்டுக்குமேல்.

திறன் அளவு எந்த முறைக்கு என்பது. குரலில் பேசும்போது சராசரித் திறன் குறைவு. எஃப்டி8 போன்ற கணினி வழி டிஜிட்டல் முறையில் 15 விநாடிச் சுற்றில் 12.6 விநாடி முழுத் திறன் ஓடும். குரலுக்கு 200 வாட் தாங்கும் பெட்டி எஃப்டி8க்கு 100 வாட்டில் திணறலாம். ஃபெரைட் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் தன் காந்தத் தன்மையை இழக்கும். 31க்கும் 43க்கும் அந்த எல்லை 130 டிகிரி செல்சியஸ் சுற்றில் தொடங்குகிறது. அனுப்பிக்கொண்டிருக்கும்போது எஸ்டபிள்யூஆர் மெல்ல மெல்ல ஏறி, சிறிது ஓய்வு கொடுத்தால் பழையபடி இறங்கினால் பெட்டிக்குள் இதுதான் நடக்கிறது.

6. செலவும் நேரமும்

நீங்களே சுற்றினால் பெரும் செலவு ஃபெரைட் வளையத்துக்குத்தான். கம்பி, பெட்டி, எஸ்ஓ-239 இணைப்பான், துருப்பிடிக்காத போல்ட் எல்லாம் சேர்ந்தும் வளையத்தின் விலையைத் தொடாமல் இருக்கலாம். ஆகவே வளையத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள், பெட்டியில் பிடியுங்கள். மூடியுள்ள நல்ல பிளாஸ்டிக் மின்பெட்டி எதுவானாலும் சரி. சுற்றிப் பற்றவைக்க ஒரு மாலைப் பொழுது போதும், ஆனால் அடைப்புப் பசை காய ஒரு இரவு விடுங்கள். அன்றே மாட்டிவிட வேண்டும் என்று திட்டமிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் எல்லா விகிதமும் வாங்கி வைப்பது வீண். 1:1 சோக் ஒன்று முதலில் செய்யுங்கள், எந்த ஆன்டெனாவுக்கு மாறினாலும் அதற்கு வேலை இருக்கும்.

7. 1:1 சோக் சுற்றுவது

எஃப்டி240 அளவில் 31 கலவை வளையம் ஒன்று, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-58 அல்லது ஆர்ஜி-400 கேபிள் ஏறக்குறைய ஒரு மீட்டரும் கொஞ்சமும். 40 முதல் 20 மீட்டர் பேண்டுகள் வரை 12 சுற்று நல்ல தொடக்கம். 80, 160 மீட்டர் முக்கியம் என்றால் 14 முதல் 17 வரை போங்கள். கேபிள் ஓட்டைக்குள் ஒரு தடவை நுழைந்தால் ஒரு சுற்று, வெளியே சுற்றி வந்ததை எண்ணாதீர்கள்.

சுற்றுகள் கூடும்போது தூண்டல் சுற்றின் வர்க்கமாகக் கூடும். ஒரே வளையத்தில் 5 சுற்று போட்டால் 25 மடங்கு. ஐந்து வளையங்களைக் கேபிளில் மாலை போலக் கோத்தால் 5 மடங்குதான். அதற்காகச் சுற்றிக்கொண்டே போகவும் கூடாது, சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கம் கூடி, வேலை செய்யும் அதிர்வெண் கீழே இறங்கிவிடும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் தொட்டுக்கொள்ளாமல் இடைவெளி விடுங்கள். நுரைக் காப்புள்ள கேபிளை இவ்வளவு இறுக்கமாக வளைக்க வேண்டாம், நாளடைவில் நடுக்கம்பி நுரைக்குள் நகர்ந்து உறையைத் தொட்டுவிடும்.

49:1 செய்ய விரும்பினால் 43 கலவையில் முதன்மையில் (ரேடியோ பக்கச் சுற்றில்) 2 சுற்று, மொத்தம் 14 சுற்று. 14ஐ 2ஆல் வகுத்தால் 7, ஏழின் வர்க்கம் 49. முதன்மையின் குறுக்கே 100 பைக்கோஃபாரட் உயர் மின்னழுத்தக் கன்டென்சர் ஒன்று வைத்தால் உயர்ந்த பேண்டுகளில் எஸ்டபிள்யூஆர் மேம்படும்.

145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஃபெரைட்டே வேண்டாம். அரை அலை நீளக் கேபிளை வளையமாக வளைத்து 4:1 பாலுன் செய்யலாம். திட பாலித்தீன் காப்புள்ள கேபிளுக்கு வேகக் காரணி (கேபிளுக்குள் அலையின் வேகம், வெட்டவெளி வேகத்தில் எத்தனை மடங்கு என்பது) 0.66, ஆக 68 சென்டிமீட்டர். அந்தக் காரணியைப் பெருக்க மறந்து ஒரு மீட்டருக்கு வெட்டிவிடாதீர்கள்.

8. மேலே ஏற்றும் முன் சோதியுங்கள்

மல்டிமீட்டரை வைத்தால் 49:1 பெட்டியில் நடுமுனைக்கும் உறைக்கும் இடையே முழு ஷார்ட் காட்டும். பயந்து பிரிக்க வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது ஒரே தொடர் கம்பி. வோல்டேஜ் பாலுனும் அப்படியே. கேபிளில் சுற்றிய 1:1 சோக்கில் ஷார்ட் காட்டினால் மட்டும் கவலைப்படுங்கள்.

சோக்கின் தடுப்பை அளக்க ஒரு நானோவிஎன்ஏ (கைக்கு அடக்கமான ரேடியோ அளவி) போதும். சோக்கின் ஒவ்வொரு முனையிலும் நடுக்கம்பியையும் உறையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், ஒரு முனையை முதல் போர்ட்டின் நடுமுனைக்கும் மறுமுனையை இரண்டாம் போர்ட்டின் நடுமுனைக்கும் கொடுங்கள். கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, அளக்கும்போது சோக்கைக் கையில் பிடிக்காதீர்கள். எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேரும் அளவு) திரையில் 20 டெசிபல் குறைவு தெரிந்தால் தோராயமாக 900 ஓம், 30 டெசிபலுக்கு 3000 ஓம், 34 டெசிபலுக்கு 4900 ஓம்.

விகிதம் மாற்றும் பெட்டியை, ஆன்டெனா பக்கத்தில் அதற்குரிய மின்தடையை வைத்துச் சோதியுங்கள்: 4:1க்கு 200 ஓம், 49:1க்கு 2450 ஓம். கம்பி சுற்றிய மின்தடை ஆகாது, அதற்கே தூண்டல் உண்டு. இழப்பை அறிய ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக இணைத்து, கிடைக்கும் மொத்த இழப்பைப் பாதியாக்குங்கள்.

எஸ்டபிள்யூஆர் எல்லாப் பேண்டிலும் அழகாகத் தட்டையாக இருக்கிறது என்பதற்காக மகிழ்ந்துவிடாதீர்கள். எல்லாத் திறனையும் வெப்பமாக்கும் டம்மி லோடுக்கும் அதே தட்டையான கோடுதான் வரும். முழுத் திறனில் சில நிமிடங்கள் அனுப்பிவிட்டு, அனுப்புவதை நிறுத்தியபின் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பெட்டி அந்தத் திறனுக்கு ஏற்றதல்ல.

9. மாட்டுவது

சோக்கின் முதல் இடம் ஃபீட்பாயின்ட். கேபிள் நீளமாக இருந்தால் அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது ஒன்று வையுங்கள், ஏனென்றால் மேலே தடுத்தபிறகும் ஆன்டெனாவின் அலையைக் கேபிள் வழியில் வாங்கிக்கொள்ளும். கேபிளை டைபோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள், ஒரு கைக்கு இணையாக ஓட்டாதீர்கள்.

ஆன்டெனாக் கம்பியின் இழுவை முழுவதும் கண்போல்ட் மேல் விழ வேண்டும். பற்றவைத்த இடம் தொய்வாக, இழுவையே இல்லாமல் இருக்கட்டும். இணைப்பான் கீழ்நோக்கி, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப். பெட்டியின் அடியில் ஒரு சிறு ஓட்டை போடுங்கள், முழுவதும் அடைத்த பெட்டிக்குள் ஈரம் சேர்ந்தால் வெளியே போக வழி இருக்காது. சிலிக்கான் பசை பூசினால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். பாலுன் இடிதாங்கி இல்லை, இடி மின்னல் வரும்போது கேபிளைக் கழற்றி வைப்பது அப்படியே தொடர வேண்டும்.

மாட்டியதும் ரேடியோ பக்கத்தில் இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து எஸ்டபிள்யூஆரை மறுபடி அளந்து பாருங்கள். ஏறக்குறைய அதே எண் வந்தால் சோக் தன் வேலையைச் செய்கிறது. அந்த வரைபடத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். முதல் கனமழைக்குப் பிறகு மீண்டும் அளந்து இதோடு ஒப்பிடுங்கள், கோடு நகர்ந்து, உலர்ந்தபிறகும் திரும்பாவிட்டால் பெட்டியை இறக்கி முதலில் இணைப்பானுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், வளையத்தைப் பிறகு சந்தேகப்படலாம்.